நிடோ டப்பால 35 வருஷப் பேரீச்சங்கொட்டை, போட்டா முளைக்குமா?

கொருக்குப்பேட்டை_கொடி:
வணக்கம் ஃப்ரெண்ட்ஸ், ஒரு டவுட்டு, கொஞ்சம் நீளமா போவும் பொறுத்துக்கோங்க. அம்மா வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறாங்கன்னு பரண் மேல இருந்ததெல்லாம் எறக்கினோம், அதுல ஒரு பழைய நிடோ பால் பவுடர் டப்பா, ஆட்டினா கலகலன்னு சத்தம், தொறந்து பாத்தா முக்கா டப்பாக்கு பேரீச்சங்கொட்டை. அப்பா 90ல குவைத் சண்டை வர்ற வரைக்கும் அங்கதான் வேலை பாத்தாரு, லீவுல வரும்போது பழம் கொண்டாருவாரு, அம்மா அந்தக் கொட்டையெல்லாம் கழுவி காய வெச்சு எடுத்து வெச்சிருக்காங்க. எதுக்கும்மா இதுன்னு கேட்டா தூக்கிப் போட மனசு வரலன்றாங்க, அவ்ளோதான் காரணம்.

அதே பரண்ல எங்க பாட்டியோட சுரைக்குடுக்கை ஒண்ணு, வாய்ல துணிய சுருட்டி அடைச்சிருக்கு, உள்ள சாம்பலோட அவரை விதை. பாட்டி ஊரு பொன்னேரி தாண்டி, அவங்க வீட்டு வேலில படர்ந்த அவரை அது, காய் பட்டையா ஓரம் செவப்பா இருக்கும், வதக்கினா தெரு வரைக்கும் வாசனை வரும், இப்ப மார்க்கெட்ல அந்த மாதிரி ஒண்ணு நான் பாத்ததே இல்ல. விதை கருப்பு, ஒரு பக்கம் வெள்ளை கோடு.

இஸ்ரேல்ல 2000 வருஷத்து பேரீச்சங்கொட்டைய முளைக்க வெச்சிட்டாங்கன்னு ஒரு வீடியோ பாத்தேன், அது நெஜமா? அப்டின்னா 35 வருஷம் ஒரு மேட்டரே இல்லல்ல? எங்களுக்கு மொட்டமாடி மட்டும் தான், கீழ ஒரு ரெண்டடி சந்து, போர் தண்ணி உப்பு. இன்னொண்ணு, எங்க தம்பி சொல்றான் தூத்துக்குடி பக்கம் சிவகளைல தோண்டினப்போ முதுமக்கள் தாழில கெடச்ச பழங்கால நெல்லையும் இதே மாதிரி முளைக்க வெச்சிடலாம் கவர்மெண்ட் தான் பண்ணலன்னு, அதுவும் நெஜமான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேசின்பிரிட்ஜ்_பாய்:
இதெல்லாம் கூகிள் பண்ணா வராதா சிஸ்டர்

திருவொற்றியூர்_கடக்காத்து:
கூகிள் பண்ணா நூறு வீடியோ வரும்பா, அதுல தொண்ணூறு பொய், அதனாலதான் இங்க கேக்குது, விடு.

அம்மா கொடி, இஸ்ரேல் கதை நெஜம் தான். மசாடான்னு சாக்கடல் பக்கத்துல ஒரு மலைக்கோட்டை, 1960கள்ல அங்க தோண்டினப்போ ஒரு ஜாடில பேரீச்சங்கொட்டை கெடச்சுது. அத எடுத்துட்டுப் போய் ஒரு யூனிவர்சிட்டி டிராயர்ல போட்டு வெச்சதோட சரி, ஒரு நாப்பது வருஷம் யாரும் சீண்டல. அப்பறம் சாரா சாலன்னு ஒரு டாக்டரம்மா பழங்கால மருந்துச் செடிகள தேடிக்கினு இருந்தவங்க, கெஞ்சி கூத்தாடி கொஞ்சம் கொட்டைய வாங்கி எலைன் சாலவேன்ற தோட்டக்கலைக்கார அம்மாகிட்ட குடுத்தாங்க. 2005 ஜனவரில மூணு கொட்டை நட்டாங்க, ஒண்ணு முளைச்சுது. அதுக்கு மெத்தூசலான்னு பேரு, பைபிள்ல 969 வயசு வாழ்ந்த ஆளு. செடிய வேற தொட்டிக்கு மாத்தும்போது வேர்ல ஒட்டிக்கினு இருந்த கொட்டை ஓடு துண்ட எடுத்து கார்பன் டேட்டிங் பண்ணாங்க, கிட்டத்தட்ட 2000 வருஷம்னு வந்துது, 2008ல சயின்ஸ் பத்திரிகைல போட்டாங்க. இதுல டூப்பு கெடையாது.

ஆனா வீடியோக்காரன் சொல்லாத பாதி ஒண்ணு கீது. மெத்தூசலா ஆண் மரம். பூ விடும், மகரந்தம் குடுக்கும், ஒரு பழம் குடுக்காது. அதுக்கு ஜோடி வேணுமேன்னு மறுபடி பழைய கொட்டைங்கள தேடி, மசாடா, கும்ரான் குகை அந்தப் பக்கத்துதெல்லாம் சேத்து 32 கொட்டை போட்டதுல 6 தான் முளைச்சுது. அதுல ஹன்னான்னு ஒரு பொண்ணு மரம், அதுக்கு மெத்தூசலாவோட மகரந்தத்த வெச்சு 2020ல 111 பழம் எடுத்தாங்க. மொத மூணுல ஒண்ணு, அப்பறம் 32ல 6, அதுவும் அந்த ஊர்ல, அந்த ஆளுங்க கைல.

அந்த ஊர்லன்னு நான் அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. விதைக்கு எமன் வயசு இல்ல, ஈரமும் சூடும் சேர்றது தான். விதைக்காரங்க ஒரு கணக்கு சொல்வாங்க, விதைக்குள்ள இருக்கற ஈரம் ஒரு சதவீதம் கொறைஞ்சா ஆயுசு ரெட்டிப்பு, வெச்சிருக்கற எடத்துல சூடு 5 டிகிரி கொறைஞ்சா இன்னொரு ரெட்டிப்பு. இதத் திருப்பிப் போட்டுப் பாருங்க, நம்ம ஊரு எங்க நிக்குதுன்னு தெரியும். சாக்கடல் பக்கம் மழையே கெடையாது, காத்து எலும்பு காஞ்ச மாதிரி காயும். நம்ம பரண்ல ஐப்பசி கார்த்திகைல முறுக்கு நமத்துப் போற மாதிரி விதையும் ஒவ்வொரு மழைக்கும் ஈரம் குடிச்சு, சித்திரை வெயில்ல காஞ்சு, திரும்ப குடிச்சு, அப்டியே 35 வருஷம். அங்க 2000 வருஷத்த விட இங்க 35 வருஷம் கஷ்டம்னு தான் நான் சொல்வேன்.

ஒரே நல்ல விஷயம் அது தகர டப்பா. மூடி டைட்டா இருந்துச்சா? டப்பா உள்பக்கம் துரு கீதா பாருங்க. துரு இருந்தா ஈரம் போயிருக்கு, அவ்ளோதான்.

ராயபுரம்_மொட்டமாடி:
மேல ஐயா சொன்னது கரெக்ட்டு. ஆனா சிஸ்டர், பேரீச்சை முளைக்கிறத பாக்கணும்னு தான் ஆசைன்னா அதுக்கு நிடோ டப்பா எதுக்கு, ரம்ஜான் டைம்ல மண்ணடில போய் நின்னா அஜ்வா, மெஜூல், கிமியான்னு மலையா குவிச்சு வெச்சிருப்பான், எந்தக் கொட்டைய போட்டாலும் களை மாதிரி முளைக்கும், நான் வருஷா வருஷம் போடறேன், எங்க வீட்ல சொந்தக்காரங்க வந்தா ஆளுக்கு ஒரு கன்னு குடுத்து அனுப்பற அளவுக்கு இருக்கு, இப்பலாம் வர்றதே இல்ல.

பழைய கொட்டைக்கும் மொறை அதே தான், பொறுமை மட்டும் அதிகம் வேணும். கொட்டைய நல்லா கழுவி தண்ணில ஊறப் போடுங்க, ரெண்டு மூணு நாளு, தெனம் தண்ணி மாத்தணும் இல்லன்னா நாறிடும். போர் தண்ணி வேணாம், கேன் தண்ணியோ மெட்ரோ தண்ணியோ. அப்பறம் ஈரமா பிழிஞ்ச தேங்கா நார் தூள்ல பொதைச்சு ஒரு பிளாஸ்டிக் டப்பால மூடி வெயில் நேரா படாத சூடான எடத்துல வைங்க, நம்ம ஊர்ல ஷெட்டுக்கு கீழ எங்க வெச்சாலும் சூடு தான்.

கொட்டைல ஒரு பக்கம் நீளமா கோடு இருக்கும் பாருங்க, அதுக்கு எதிர் முதுகுல நடுவுல சின்னதா ஒரு குழி மாதிரி வட்டம் இருக்கும், அங்கேர்ந்து தான் வரும். மொதல்ல மூடி மாதிரி ஒரு துணுக்கு தள்ளிக்கினு விழும், அப்பறம் வெள்ளையா ஒரு வாலு. எல்லாரும் அத வேருன்னு நெனச்சிப்பாங்க. அது வேரு இல்ல, அது கொழாய், அதுக்குள்ள தான் குட்டிச் செடியே இருக்கு, கொட்டைய விட்டு தள்ளி கீழ எறங்கிப் போய் அங்கேர்ந்து வேரு ஒரு பக்கம் போவும், கொழாய் நடுவுல ஒரு கீறல் விட்டு அதுலேர்ந்து எலை மேல வரும். அதனால வாலு வந்தப்பறம் கொட்டைய ஆட்டக்கூடாது, ஒடைஞ்சா செடியும் போச்சு. எலை வந்தாலும் மொத வருஷம் கோரைப்புல்லு மாதிரி ஒத்தை ஒத்தையா தான் இருக்கும், ஏமாந்து புடுங்கிப் போட்டுடாதீங்க, எங்க வீட்டு வேலைக்கார அம்மா புல்லுன்னு புடுங்கிட்டாங்க ஒரு தடவ.

தொட்டி அகலம் முக்கியம் இல்ல, ஆழம் முக்கியம். வேரு நேரா கீழ போற சாதி.

கொருக்குப்பேட்டை_கொடி:
ரொம்ப தேங்க்ஸ், இவ்ளோ விவரமா யாரும் சொன்னதில்ல. டப்பா மூடி கொஞ்சம் நெளிஞ்சிருக்கு, ஆனா உள்ள பெருசா துரு இல்ல, மேல விளிம்புல தான். கொட்டைல கொஞ்சத்துல குண்டூசி ஓட்டை மாதிரி இருக்கு, மத்ததெல்லாம் நல்லா கெட்டியா பளபளன்னு தான் இருக்கு.

முளைச்சா அப்பா தின்ன அதே பழம் வருமா? மாடில தொட்டிலயே வெச்சு காய்க்க வெக்க முடியுமா? அம்மா வேற நாலு பேருகிட்ட சொல்லிட்டாங்க குவைத் பேரீச்சை வரப்போவுதுன்னு.

மீஞ்சூர்_மம்முட்டி:
தங்கச்சி, அம்மாவ இன்னும் நாலு பேருகிட்ட சொல்ல வேணாம்னு சொல்லு.

நான் மண்ணுல வெச்சு வளத்துக்கினு கீறேன், அதனால ஓப்பனா சொல்றேன். கொட்டைலேர்ந்து வர்ற பேரீச்சை தாய் மரம் மாதிரி வராது. அப்பா தின்னது அங்க ஒசந்த ரகம், அந்தப் பூவுக்கு எந்த ஆண் மரத்து மகரந்தம் போட்டாங்களோ யாருக்குத் தெரியும், புள்ளைங்க வேற மாதிரி தான் பொறக்கும், நம்ம ஒட்டு மாங்கா கொட்டைய போட்டா என்ன ஆவுமோ அதே கத தான். அதனாலதான் அரபு நாட்டுக்காரன் கொட்டை போடவே மாட்டான், மரத்தடில வெடிக்கற பக்கக்கன்ன பேத்து நடுவான், இப்ப திசு வளர்ப்பு கன்னு. நான் வெச்சது அந்த திசு வளர்ப்புல வந்த பர்ஹின்ற ரகம், குஜராத்லேர்ந்து வந்தது, ஒரு கன்னு வெலைய கேட்டா நீ தொட்டி வாங்கற ஆசையே விட்டுருவ.

அடுத்தது ஆணா பொண்ணான்ற பிரச்சன. பாதிக்குப் பாதி. செடிய பாத்து கண்டுபுடிக்கவே முடியாது, பூ வந்தாதான் தெரியும், அதுக்கு அஞ்சாறு வருஷம், சில மரம் எட்டு வருஷம் கூட எடுத்துக்கும். அவ்ளோ நாள் தண்ணி ஊத்தி கடைசில ஆணுன்னு தெரிஞ்சா வர்ற கோவம் இருக்கே. பொண்ணா வந்தாலும் பக்கத்துல ஆண் மரம் இருந்து, ஏறி கையால மகரந்தம் தூவணும், காத்து பாத்துக்கும்னு விட்டா கொட்டையே இல்லாத சூம்பல் காயா நிக்கும். தொட்டில வளரும், அழகா கூட இருக்கும், காய்க்கும்னு மட்டும் நம்பாத. மரம் அது, மாடி தாங்காது.

உப்பு தண்ணிக்கு பயப்படாத. எங்க பக்கம் கடல் தண்ணி நிலத்தடில எத்தினி கிலோமீட்டர் உள்ள ஏறிடுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், நெல்லு வெச்ச எடமெல்லாம் போச்சு, ஆனா பேரீச்சை அசரல. டிடிஎஸ், அதான் தண்ணில கரைஞ்ச உப்பு அளவு, 1500 வரைக்கும் வெளைச்சலே கொறையாது, அதுக்கு மேலயும் மரம் சாவாது, காய் தான் கொறையும். குட்டி கன்னுக்கு மட்டும் மொத ஒரு வருஷம் நல்ல தண்ணி குடு.

மெட்ராஸ் பக்கம் நெஜமான வில்லன் மழையும் வண்டும் தான். பழம் மரத்துலயே காஞ்சு கறுத்து நாம கடைல வாங்கற மாதிரி ஆவறதுக்கு காஞ்ச காத்து வேணும், நம்ம கடற்கரை காத்துல ஒண்ணு பூஞ்சை புடிக்கும் இல்ல புளிச்சுப் போவும். அதுக்குத்தான் பர்ஹி, மஞ்சளா நறுக்குனு இருக்கும்போதே தின்னலாம், தருமபுரி பக்கம் போடறவங்களும் அதுதான் போடறாங்க, ஜூன் ஜூலைல ரோட்டோரத்துல மஞ்ச கொலையா தொங்கும் பாரு, அதே தான். வண்டு ரெண்டு வகை, காண்டாமிருக வண்டும் செவப்பு கூன்வண்டும், தென்னைக்கு வர்றதே தான் இதுக்கும். மட்டைய வெட்டினா காயத்து வாசனைக்கு கூன்வண்டு வந்து முட்ட வெச்சிரும், உள்ளயே தின்னு தின்னு ஒரு நாள் குருத்து சாய்ஞ்சாதான் நமக்கே தெரியும். நான் குருத்து சந்துல வேப்பம்புண்ணாக்கும் மணலும் கலந்து போட்டு வெக்கறேன், காண்டாமிருக வண்டுக்கு நல்லா கேக்குது.

வியாசர்பாடி_அக்கா:
எல்லாரும் பேரீச்சை பின்னாடியே ஓடறீங்களே, இந்தப் பொண்ணு கைல இருக்கற தங்கம் அந்த சுரைக்குடுக்கை தான்னு ஒருத்தருக்கும் தோணலயா? குவைத் ரகம் குவைத்ல இன்னும் இருக்கும், இல்லன்னா பஸ்ரால இருக்கும். பொன்னேரி செவப்பு ஓர அவரை அந்த வேலியோட போயிருந்தா, உலகத்துலயே மிச்சம் அந்த குடுக்கைல இருக்கறது மட்டுமா கூட இருக்கலாம். எனக்குப் படிக்கும்போதே படபடன்னு வருது.

கண்ணு, மொதல்ல எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டுடாத. பத்து விதை மட்டும் எடு, ஓட்டை இல்லாததா பாத்து எடு, ஓட்டை இருந்தா பூச்சி உள்ள பருப்ப தின்னுட்டு வெளிய வந்த வாசல் அது. பாட்டி சாம்பல் போட்டு வெச்சது பூச்சி ஏறாம இருக்கத்தான், அந்தக் காலத்துல சில பேரு செம்மண் கட்டுவாங்க, சில பேரு வெளக்கெண்ண தடவுவாங்க, எல்லாம் ஒரே நோக்கம். கருப்பு அவரைக்கு தோலு தடிமன், வெள்ளை கோட்டுக்கு எதிர்ப்பக்கம் சொரசொரப்பான தரைல லேசா ஒரு தேய்ப்பு தேய்ச்சுட்டு ராத்திரி ஊறப்போட்டு காலைல ஈரத்துணில முடிஞ்சு வை. பத்துல ஒண்ணு வந்தாலும் போதும், அவரை தன் பூவுலயே பெரும்பாலும் சூல் கட்டிக்கும், பேரீச்சை மாதிரி ஆணுக்கு அலைய வேணாம், கொட்டைய போட்டா அதே காய் தான் வரும். ஒரு கொடிலேர்ந்து வர்ற விதை தெருவுக்கே போதும். ஒண்ணுமே வரலன்னா மீதிய இன்னும் பத்துப் பத்தா போட்டுப் பாரு, விட்றாத. ஆடில போட்டா மார்கழி தைல காய்க்கும், பழைய கொடி அவரை பனி விழுந்து பகல் சுருங்கினாதான் பூக்கும், இப்ப போட்டுட்டு ஏன் பூக்கலன்னு திட்டக்கூடாது.

உன் தம்பி கேட்ட நெல்லு. அவன்கிட்ட சொல்லு, முடியாது. சிவகளை தாழி நெல்லுக்கு கி.மு. 1155ன்னு காலம் சொல்லிருக்காங்க, பழனி பக்கம் பொருந்தல்ல ஒரு ஜாடில ரெண்டு கிலோ நெல்லு கெடச்சுது, அது கி.மு. 490. வயசுக்கு அடையாளமா அது ரொம்பப் பெருசு, ஆனா மண்ணுக்குள்ள அத்தினி மழைக்காலம் கெடந்த நெல்லுல கரு உசுரோட இருக்காது, உருவம் தான் மிச்சம். எகிப்துல மம்மி பக்கத்துல கெடச்ச கோதுமை முளைச்சுதுன்னு ஒரு காலத்துல வித்தாங்களாம், அதெல்லாம் புது கோதுமைய வெச்சு ஊர ஏமாத்தினது. நெல்லு, கோதுமைலாம் நம்ம வீட்டுச் சூட்டுல ஒண்ணு ரெண்டு வருஷம் தாண்டினாலே முளைப்பு போயிடும். வேப்பங்கொட்டை இன்னும் மோசம், சில வாரம் தான். கெட்டி ஓடு இருக்கறது தாங்கும், சைனால ஏரி மண்ணுலேர்ந்து எடுத்த தாமரை விதை 1300 வருஷம் கழிச்சு முளைச்சிருக்கு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சாதி.

நம்ம ஊர்ல பழைய நெல்லு திரும்பி வந்தது தாழிலேர்ந்து இல்ல, மாப்பிள்ளை சம்பாவ, காட்டுயானத்த எங்கயோ ஒரு மூலைல விடாம போட்டுக்கினு இருந்த பெருசுங்க கைலேர்ந்து. திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் தேடித் தேடி 170 ரகத்துக்கு மேல சேத்தாரு, திருவிழா வெச்சு ரெண்டு கிலோ விதை குடுப்பாரு, அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பித் தரணும். 2018ல போயிட்டாரு மனுஷன், நெல்லு இன்னும் ஊர் ஊரா சுத்துது.

பேசின்பிரிட்ஜ்_பாய்:
அக்கா அப்ப ரஷ்யால 32,000 வருஷத்து பூச்செடி முளைச்சுதுன்னு வந்துச்சே அதுவும் டூப்பா?

திருவொற்றியூர்_கடக்காத்து:
கூகிள் பண்ணலையா பாய்? 😄

டூப்பு இல்ல, ஆனா விதை முளைக்கல. சைபீரியால அணில் பொந்துல ஒறைஞ்சு கெடந்த பிஞ்சு காய்லேர்ந்து திசுவ எடுத்து லேப்ல கண்ணாடிக்குள்ள வளத்தாங்க, 2012ல வந்த செய்தி. ஐஸ் பொட்டில கெடந்ததும் நம்ம பரண்ல கெடந்ததும் ஒண்ணா. விதை விதையாவே எத்தினி வருஷம் தாங்குதுன்னு பாக்க அமெரிக்கால பீல்னு ஒரு வாத்தியாரு 1879லயே பாட்டில் பாட்டிலா மண்ணுல பொதைச்சு வெச்சுட்டு போயிட்டாரு, அவரு செத்தும் ஆளு மாத்தி ஆளு வந்து தோண்டி போட்டுப் பாக்கறாங்க, 2021ல எடுத்த பாட்டில்லயும் சிலது முளைச்சுது. எனக்கு இந்த மாதிரி கிறுக்குங்கள ரொம்பப் புடிக்கும்.

கொருக்குப்பேட்டை_கொடி:
அக்கா நீங்க சொன்னப்பறம் குடுக்கைய எடுத்து கொட்டி பாத்தேன், அவரைல நெறைய ஓட்டை தான், ஆனா நல்லதா ஒரு அம்பது அறுபது தேறும் போல. பத்து எடுத்து தேய்ச்சு ஊறப்போட்டாச்சு. மீதிய எப்டி வெக்கறது, திரும்ப குடுக்கைலயேவா?

பேரீச்சைல ஓட்டை இல்லாத ஒரு கைப்பிடிய தனியா ஊறப்போட்டுட்டேன், அம்மா பக்கத்துலயே சேர் போட்டு ஒக்காந்துக்கினு கீறாங்க. மெத்தூசலாக்கு ஏதோ மருந்து போட்டாங்கன்னு வீடியோல வந்துச்சு, அது இங்க கெடைக்குமா?

ராயபுரம்_மொட்டமாடி:
ஜிப்ரலிக் ஆசிட். திராட்சை தோட்டத்துக்கு அடிக்கறது தான், பெரிய உரக்கடைல கேட்டா குடுப்பான், சின்ன பாக்கெட்டே போதும். பவுடரா வந்தா தண்ணில சட்டுன்னு கரையாது, மொதல்ல கொஞ்சம் ஸ்பிரிட்ல கரைச்சுட்டு அப்பறம் தண்ணி சேக்கணும். அங்க அவங்க வெதுவெதுன்னு தண்ணில ஊற வெச்சு, அப்பறம் இது, வேர் ஹார்மோன், கடல்பாசி உரம்னு ஒண்ணொண்ணா குடுத்தாங்க. தூங்கற விதைய எழுப்பும், செத்தத எழுப்பாது. அதனால மொதல்ல பாதி கொட்டைய சும்மா தண்ணில மட்டும் போடுங்க, வரலன்னா மீதிக்கு மருந்து. கொழகொழன்னு ஆயி நாத்தம் அடிக்கிற கொட்டைய உடனே எடுத்து எறிஞ்சிடணும், மத்ததையும் கெடுத்துரும்.

வியாசர்பாடி_அக்கா:
குடுக்கை வேணாம் கண்ணு, மழைக்காலம் வர்றதுக்குள்ள மாத்திடு. நெழல்ல ரெண்டு நாள் காய வெச்சு, கண்ணாடி பாட்டில்ல போட்டு, அடில ரெண்டு ஸ்பூன் அரிசிய வெறும் சட்டில நல்லா வறுத்து ஆற வெச்சு துணில முடிஞ்சு போடு, ஈரத்த அது இழுத்துக்கும். மூடிய இறுக்கி ஃப்ரிட்ஜ்ல கீழ் தட்டுல வை. வெளிய எடுத்தா பாட்டில் ரூம் சூட்டுக்கு வந்தப்பறம் தான் தொறக்கணும், இல்லன்னா உள்ள வேர்த்துரும். பாட்டில் மேல ஊர் பேரும் வருஷமும் எழுதி ஒட்டு, உங்க பாட்டி பேரையும் எழுது.

முளைச்சா எனக்கு நாலு விதை. பதிலுக்கு எங்கிட்ட மூக்குத்தி அவரை இருக்கு, பெரம்பூர் பக்கம் வந்தா சொல்லு.

மீஞ்சூர்_மம்முட்டி:
எனக்கும் நாலு. பேரீச்சை வந்தா சொல்லு தங்கச்சி, ஆணா இருந்தா நான் எடுத்துக்கறேன், எங்கிட்ட பொண்ணு மரம் தான் எல்லாம், மாசி பங்குனில மகரந்தத்துக்கு ஊர் ஊரா அலையறேன்.